ஏழாம் பாத்திப் புதினா

திருவண்ணாமலை
19 பிப்ரவரி 2024

ரூக்ஸாருக்கு,

இந்தப் பெட்டியில் பன்னிரண்டு உறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நுனி இலைகள், ஈரம் உறிஞ்சும் நீல மணிகளோடு. முதலில் அனுப்பிய இலைகளிலிருந்து டி.என்.ஏ. வரவில்லை, பழுப்புப் பசைதான் வருகிறது என்று நீ நம் கைடு கஸ்தூரி மேடத்துக்கு மெயில் போட்டிருந்தாயாம். பாத்திகளிலிருந்து புதிதாகப் பறித்து அனுப்பச் சொன்னார். எண்கள் பழைய எண்களே. ஒன்று முதல் பதினொன்று வரை நாம் இருவரும் மாவட்டம் முழுக்க பஸ் ஏறி, வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த புதினாக்கள். பன்னிரண்டு, ஒப்பிடுவதற்காக நர்சரியில் வாங்கிய பெப்பர்மின்ட். இடம் போதாததால் அது மட்டும் சிமென்ட் தொட்டியில் இருக்கிறது.

வேலை விஷயம் இவ்வளவுதான்.

நீ பலமுறை போன் செய்தாய். எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. போனில் எனக்குப் பேச வராது. எதிரில் ஆள் இருந்தாலே வராது. அதிலும், பெங்களூர் ஆய்வகத்தில் இடம் கிடைத்ததைக் கிளம்புவதற்கு முந்தின நாள் சொன்ன ஆளிடம் என்ன பேசுவது? பெட்டி எப்படியும் உன்னிடம் வரப்போகிறது. கூட ஒரு தாள் வந்தால் கூரியர்காரர் ஒன்றும் கேட்கமாட்டார்.

செடிகள் நன்றாக இருக்கின்றன. பின்பக்கத்தில் நம் பாத்திகளுக்கு இடம் கொடுத்த ராஜமாணிக்கம் அண்ணனின் கெஸ்ட் ஹவுஸ் நிறைந்திருக்கிறது. நேற்று ஒரு வெள்ளைக்காரர் பின்பக்கம் வந்து, நாலாம் பாத்தி ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாம் பாத்தியை மட்டும் மாலையில் அளந்தேன். எண்ணெய் வடிக்கும் கண்ணாடிக் கருவி ஒருவழியாக ஜனவரியில் வந்துவிட்டது. இரண்டு அறுவடை வடித்துவிட்டேன்.

வள்ளி


பெங்களூர்
18 மார்ச் 2024

வள்ளி மேடம் அவர்களுக்கு,

முந்தின நாள் சொன்னது தப்புதான். முன்பே சொல்லியிருந்தால் நீ ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாய். நான் கிளம்பியிருக்க மாட்டேன். அதனால்தான் சொல்லவில்லை. ஆனால் நீ பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. நான் டிரைவரிடம் "அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க, எங்க ஃப்ரெண்டு வருவா" என்று சொன்னேன். அவர் "அந்த ஃப்ரெண்டு நாளைக்கு வண்டியில வரட்டும்" என்று பஸ்ஸை எடுத்துவிட்டார். இது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நோன்பு ஆரம்பித்துவிட்டது. என்னோடு வேலை செய்யும் தல்ஹா, தமிழ்க்காரர்கள் இருக்கிற மசூதியிலிருந்து தூக்கில் கஞ்சி வாங்கி வருகிறான். அதில் மிதக்கிற புதினாவைப் பார்த்தாலே எனக்கு எண் போடத் தோன்றுகிறது.

இப்போது விஷயம். பசையை எடுக்கப் புது முறை ஒன்று கைக்கு வந்துவிட்டது. நீ அனுப்பிய பன்னிரண்டிலும் டி.என்.ஏ. சுத்தமாக வந்தது. பதிவுகளை எடுத்தேன். ஏணிப் படிகள் மாதிரி கோடுகள் வரும், ஞாபகம் இருக்கிறதல்லவா? வகைக்கு வகை படிகள் மாறவேண்டும்.

வள்ளி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒரே ஏணி. ஒரு படி கூட மாறவில்லை. பன்னிரண்டு மட்டும் வேறு.

என் மேல் எனக்கே சந்தேகம் வந்து, தல்ஹாவிடம் கொடுத்து உறைகளின் எண்களை மறைக்கச் சொல்லி மறுபடி செய்தேன். அதேதான். பதினொரு வகை என்று நாம் சேர்த்தது ஒரே செடி. மார்க்கெட்டில் வாங்கிய கட்டின் தண்டை எல்லோரும் அவரவர் வீட்டில் நட்டிருக்கிறார்கள் போல.

மேடத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் நீ சொல்.

ரூக்ஸார்


திருவண்ணாமலை
25 மார்ச் 2024

ரூக்ஸாருக்கு,

தப்பு உன் பக்கம்தான் இருக்கவேண்டும். இப்படி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ இவற்றை ஏணியாகப் பார்க்கிறாய். நான் எட்டு மாதமாக ஸ்கேலோடு இவற்றின் முன்னால் குனிந்திருக்கிறேன். ஐந்து நெட்டையாகப் போய்ச் சாயும். ஒன்பதின் இலை சுருங்கியிருக்கும். ஏழு குட்டை, தண்டு ஊதா, இலை நரம்பில் ஒரு சிவப்பு ஓடும். அதைக் கசக்கினால் மற்ற புதினா போல மூக்கில் ஏறாது. பின்னால், தாமதமாக, சீரகம் மாதிரி ஒரு வாசம் வரும். உன் அம்மாவோடு கூடப்பிறந்த பீபி ஜான் காலா வீட்டுத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நீதானே அதைப் பிடுங்கினாய்? "காலாவுக்கும் எங்க அம்மாவுக்கும் ஒரே மூக்கு, ஒரே வாய், ஒரே புதினா" என்று சொல்லிச் சிரித்தாய். அது எப்படி மார்க்கெட் கட்டு ஆகும்?

இந்தக் குளிர் முடிந்ததிலிருந்து அந்தச் சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது. வெயிலால் இருக்கும்.

ஜூன் மாதம் ஆய்வுக் குழு கூடுகிறது. இந்த மாவட்டத்துப் புதினாக்கள் ஒன்றுக்கொன்று வேறானவை என்று காட்டினால்தான் திட்டம் நீளும், நானும் நீடிப்பேன். இல்லையென்றால் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பவேண்டும். போன வாரம் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு சந்திரம்மாள் அக்கா என்னைப் பார்த்ததும், "இன்னா வள்ளி, இன்னும் புதினாதான் படிக்கிறியா? கொத்தமல்லிக்கு எப்ப பாஸ் ஆவே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஜூன் வரைக்கும் பாக்கலாம்மா. அதுக்கு மேல என்னால ஜனங்களுக்கு பதில் சொல்ல முடியாது" என்றார். அவர் பத்தாவது தாண்டாதவர். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் "பெரிய படிப்பு" என்று மட்டும் சொல்வார். அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது.

முதலில் அனுப்பிய இலைகள் உன்னிடம்தானே இருக்கின்றன? பாத்தியில் நடுவதற்கு முன்பு அந்தந்த வீட்டிலேயே பறித்தவை. உன் புது முறையில் அவற்றையும் செய்து பார். அதற்குப் பிறகு பேசு.

வள்ளி


பெங்களூர்
13 ஏப்ரல் 2024

வள்ளி,

பெருநாள் லீவுக்கு ஊருக்கு வராமல் உன் இலைகளோடு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

உன் மூக்கு சரி. நான் சொன்னது தப்பு. முதல் இலைகளில் ஐந்து வகை இருக்கிறது. ஆறு வீட்டில் மார்க்கெட் கட்டு. மீதி ஐந்து வீட்டில் நாலு வேறு வகை. அதில் ஏழு எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது. இங்கே சேர்த்து வைத்திருக்கிற பதிவுகள் எதிலும் அந்த ஏணி இல்லை. எங்கள் சார் வந்து பார்த்துவிட்டு "இதை எங்கே பிடித்தீர்கள்?" என்றார். துணி துவைக்கிற கல் பக்கத்தில் என்றேன். நம்பவில்லை.

ஆனால் சந்தோஷப்படாதே. இதை யோசி. வீட்டில் பறித்த ஏழு வேறு. பிப்ரவரியில் உன் ஏழாம் பாத்தியில் பறித்தது மார்க்கெட் கட்டு. நடுவில் என்ன நடந்தது?

சிமென்ட் தொட்டியில் இருந்த பன்னிரண்டு மட்டும் மாறவில்லை. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில், மண்ணுக்கடியில் ஓடு தண்டு தாண்டாமலிருக்க, செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, தலை மட்டும் தெரிகிற மாதிரி புதைத்தோமே, என் நகம் கூட ஒடிந்ததே. அந்தச் செங்கற்கள் இருக்கின்றனவா?

ரூக்ஸார்


திருவண்ணாமலை
17 ஏப்ரல் 2024

ரூக்ஸார்,

இருக்கின்றன. மண்ணுக்கு மேலே.


திருவண்ணாமலை
21 ஏப்ரல் 2024

ரூக்ஸார்,

அன்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு ராஜமாணிக்கம் அண்ணன் வாசலில் அன்னதானம் போட்டார். மலை சுற்றுகிறவர்களுக்குத் தக்காளி சாதமும் புதினா சாதமும். முதலில் சமையல்காரர் கூடையோடு பாத்திக்கு வந்தார். "பாப்பா, இவ்ளோ புதினா கீது, நாலு கை அரிஞ்சிக்கறேன்" என்றார். நான் வழியை மறித்து நின்று, "இல்லைங்க, இது ஆராய்ச்சி, தொடக் கூடாது" என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஆளிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் "சாமிக்குக் கூடவா?" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காது சுட்டது.

பிறகு அண்ணனே வந்தார். அடுப்புக்குச் செங்கல் போதவில்லை. "ஏம்மா, புதினாதான் தரமாட்டேன்னிட்ட. கல்லாவது குடு. ரெண்டு நாள்ல இருந்த இடத்துல வச்சிடறேன்" என்றார். இடத்துக்கு வாடகை கூட வாங்காத மனிதர். ஒரு முறை முடியாது என்று சொல்லியாகிவிட்டது. உடனே இன்னொரு முறை சொல்ல என்னால் முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். இரண்டு நாளில் கல் திரும்பி வந்தது. கரி பிடித்திருந்ததைக் கழுவி, இருந்த இடத்திலேயே வரிசையாக, அழகாக வைத்திருந்தார், படுக்கை வசமாக. மழையில் பள்ளங்கள் சேறாகி மூடியிருந்தன. மண் காய்ந்ததும் மறுபடி புதைக்கலாம் என்று நினைத்தேன். மண் காய்வதற்குள் செடி படர்ந்துவிட்டது. மேலே பார்க்கப் பாத்திகள் ஒன்றோடொன்று கலக்காமல்தான் இருந்தன.

நேற்று தோண்டினேன். செங்கல்லுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஓடு தண்டுகள், சடை பின்னின மாதிரி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே தண்டு, மார்க்கெட் கட்டு. எண்ணெய்க்காக ஒவ்வொரு முறை நான் அறுக்கும்போதும் அதுதான் முதலில் துளிர்த்திருக்கிறது. மெதுவாக வளர்கிறவை அதன் நிழலில் அழுகியிருக்கின்றன. ஏழாம் பாத்தியில் கையளவு ஊதாத் தண்டு கிடைத்தது. உள்ளே கருப்பு. தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன். துளிர்க்காது என்று தெரிகிறது.

சிவப்பு மங்குவதைப் பார்த்தேன் ரூக்ஸார். வாரா வாரம் பார்த்தேன். வெயில் என்று எழுதினேன்.

வள்ளி


திருவண்ணாமலை
9 மே 2024

ரூக்ஸார்,

தண்டு துளிர்க்கவில்லை.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். "வள்ளி, டி.என்.ஏ. முதல்ல பறிச்ச இலையில எடுத்தது. அதுல அஞ்சு வகை இருக்கு. வளர்ச்சியும் எண்ணெயும் பாத்தியில எடுத்தது. ரெண்டுக்கும் நம்பர் ஒண்ணுதானே? பக்கத்துல பக்கத்துல போட்டுடு. யாரு வந்து தோண்டிப் பார்க்கப் போறாங்க?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மூன்று வருடம் கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறார். உன் முடிவுகள் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. உன் பெயரும் அதில் வரும். அதனால் உன்னைக் கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

வள்ளி


பெங்களூர்
16 மே 2024

வள்ளி,

நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

போட்டுக்கொள். என் பெயரையும் போட்டுக்கொள். முடிவுகளை இன்று மெயிலில் அனுப்பிவிட்டேன். ஏழு செத்தது செத்ததுதான். நீ உண்மையைச் சொன்னால் அது எழுந்து வரப்போவதில்லை. உன் அப்பாவுக்குச் சொல்ல ஒரு பதிலாவது கிடைக்கும். இங்கே வந்தபிறகு பார்க்கிறேன், இதைவிட ஜாஸ்தி ஒட்டுப்போட்ட கட்டுரைகளெல்லாம் பெரிய ஆய்விதழ்களில் வந்திருக்கின்றன.

ஒரே ஒரு தடவை, உனக்காக நீ வாயை மூடிக்கொண்டிரு. அதுதான் உனக்கு நன்றாக வருமே.

ரூக்ஸார்


திருவண்ணாமலை
24 ஜூன் 2024

ரூக்ஸார்,

முடிந்துவிட்டது.

அட்டவணையைத் தயாரித்துவிட்டேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஏழாம் வரிசையில் உன் ஏணிக்குப் பக்கத்தில் என் எண்ணெய். கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த எண்ணெய்ப் புட்டியைத் திறந்து முகர்ந்தேன். சீரகம் இல்லை. கடைத்தெரு வாசம். ஏழு என்று ஒன்று இருந்ததற்கு உன் கோடுகளும் என் ஞாபகமும் தவிர வேறு அத்தாட்சி இல்லை. இந்த எண்ணெயை அதன் பெயரில் எழுதினால், நாளைக்கு எங்காவது ஒரு வேலி ஓரத்தில் உண்மையான ஏழு கிடைத்தாலும், இது அது இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

குழுவின் முன்னால் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமா பேசும்மா" என்றார்கள். சத்தமாகச் சொன்னேன். செங்கல் கதையிலிருந்து சொன்னேன். சென்னையிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்ப உங்ககிட்ட இப்ப என்னதாம்மா இருக்கு?" என்றார்.

"மார்க்கெட் புதினா இருக்குங்க சார்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "அது எங்க வீட்லயே கீதே" என்றார். தண்டனை மாதிரி யாரும் ஒன்றும் செய்யவில்லை. நேர்மையைப் பாராட்டுகிறோம், திட்டத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்க முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்ததும் மேடம், "உன்னக் காப்பாத்தத்தானே பார்த்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவருடைய திட்டமும்தான் போனது.

என் பெயரையும் போட்டுக்கொள் என்று நீ எழுதினதை நான் மறக்கமாட்டேன். அதற்காகவே செய்ய முடியவில்லை.

வள்ளி


பெங்களூர்
2 ஜூலை 2024

வள்ளி,

லூசு.

மழை ஆரம்பித்திருக்குமே. நாம் பறித்த வீடுகளுக்கு மறுபடி போ. முதலில் காலா வீட்டுக்கு. நாம் ஒரு பிடிதானே பிடுங்கினோம், மீதி அங்கேயே இருக்கும். ஒரே ஒரு தண்டு கிடைத்தால் போதும். தொட்டியில் வை. யாருக்கும் செங்கல் கொடுக்காதே.

ரூக்ஸார்


கீழ்பென்னாத்தூர்
19 ஆகஸ்ட் 2024

ரூக்ஸார்,

போய்வந்துவிட்டேன். எல்லா வீடுகளுக்கும் இல்லை, மார்க்கெட் கட்டு இல்லாத ஐந்து வீடுகளுக்கு. இரண்டு வீட்டில் போன கோடையில் கிணறு வற்றிச் செடி போய்விட்டது. ஒரு வீட்டை இடித்து மாடி கட்டுகிறார்கள். ஒன்றில் ஆடு மேய்ந்துவிட்டதாம், வேர் எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை.

காலா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். "ரூக்ஸார் வரலியா? பெருநாளைக்குக் கூட வரலியே அவ" என்றார். நீ ஏன் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. துணி துவைக்கிற கல் அங்கே இல்லை. அவர் மகன் முபின் வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுத்து, பின்பக்கம் முழுக்க டைல்ஸ் போட்டுவிட்டான். வெள்ளையாக, சுத்தமாக இருக்கிறது. காலாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "இப்ப சேறே கெடயாது பாரு, கால் வழுக்கறதும் கம்மி" என்றார். புதினா எங்கே என்று கேட்டேன். வாசலில் ஒரு பெயின்ட் டப்பாவைக் காட்டினார். செழித்து வளர்ந்திருந்தது. பச்சைத் தண்டு. கசக்காமலே தெரிந்தது.

"பழசு வேணாம்மா, அது குட்டையா கெடந்துச்சு. இது பாரு, சட்டு சட்டுனு வருது" என்றார். ஒரு கட்டு அறுத்து என் பையில் வைத்தார். மறுக்கவில்லை. அன்று வீட்டில் அம்மா அதில் துவையல் அரைத்தாள்.

வேங்கிக்காலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. பெயரைச் சத்தமாகக் கூப்பிடவேண்டும். முதல் வாரம் யாரும் எழுந்து வரவில்லை, அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டேனாம். இப்போது கேட்கிறது. அப்பா காலையில் பஸ் ஸ்டாப் வரை வருகிறார். யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரில வேலை" என்கிறார். அந்தப் பதில் அவருக்குச் சொல்லச் சுலபமாக இருக்கிறது.

வள்ளி


பெங்களூர்
6 செப்டம்பர் 2024

வள்ளி,

டைல்ஸ் விஷயத்தை அம்மா என்னிடம் முன்பே சொல்லியிருக்கவேண்டும். போனில் புது மெஷினைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். நான் "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்த்திருக்கிறேன்.

ஏழின் முதல் உறையில் இன்னும் ஒரே ஒரு இலை மிச்சமிருக்கிறது. அதை அரைத்தால் ஏழின் முழு டி.என்.ஏ. வரிசையும் எடுக்க முடியும் என்கிறார்கள், என்றைக்காவது யாராவது செலவு செய்ய முன்வந்தால். அரைக்கட்டுமா? உன்னைக் கேட்காமல் தொடமாட்டேன்.

ரூக்ஸார்


கீழ்பென்னாத்தூர்
15 செப்டம்பர் 2024

ரூக்ஸார்,

காய்ந்த இலையிலிருந்து செடி வராது என்று எனக்குத் தெரியும். நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததுதான். இருந்தாலும் எழுத்தில் கேட்கிறேன். வராதா?

வராதென்றால் அரைத்துவிடு. அதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது. நாளெல்லாம் கண்ணுக்கு விடுகிற மருந்து வாசத்தில் இருக்கிறேன். ஏழின் வாசம் சீரகம் மாதிரி என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது சரிதானா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வள்ளி


பெங்களூர்
27 செப்டம்பர் 2024

வள்ளி,

வராது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு இலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். நீ செய்வாயே, கண்ணை மூடி, வாயைக் கொஞ்சம் திறந்து, அப்படியே முகர்ந்தேன். காகித வாசம் வந்தது. என் கையின் ரப்பர் வாசம் வந்தது. கசக்கினால் பின்னால் வரும் என்று நீ எழுதியிருந்தாய். கசக்கினேன். பொடியாகிவிட்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அது சீரகமா இல்லையா என்று என்னால் உனக்குச் சொல்ல முடியவில்லை.

அந்தப் பொடியைத்தான் அரைத்தேன். விரல்நுனி அளவு குழாயில் ஒரு சொட்டு டி.என்.ஏ. பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. ஃப்ரீசரின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறேன். மூடியில் 7 என்று எழுதி, பக்கத்தில் உன் பெயரை எழுதியிருக்கிறேன்.

எனக்கு இங்கே மார்ச் வரைக்கும்தான். அதற்குப் பிறகு என் இடத்துக்கு யாராவது புதிதாக வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் ஃப்ரீசரைக் காலி செய்வார்கள். யாருடையது, என்ன என்று தெரியாத குழாய்களை ஒரு பையில் கொட்டிக் கட்டிவிடுவார்கள். நானும் இங்கே வந்த அன்று முதலில் அதைத்தான் செய்தேன்.

ரூக்ஸார்